எங்கள் ஊரில் எட்டு நாள்

கடல் கடந்து தமிழ் கற்க வருவோருக்கு மதுரை நெடுங்காலமாகவே ஒரு பள்ளிக்கூடம். 1961-இல் தோன்றிய அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் அந்நகரில் தமிழ் வகுப்புகளை நடத்தி, மாணவர் பலரை உள்ளூர்க் குடும்பங்களிலேயே தங்க வைத்தது. அப்படியொரு மாணவியைச் சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கையின் குடும்பம் ஏற்றுக்கொண்டது. பெண் வந்து இறங்கிய மறுநாளே எங்கள் அன்னைக்குக் கண் அறுவைச் சிகிச்சை என்று செய்தி போயிற்று. வகுப்புகள் தொடங்க எட்டு நாள் இருந்தன. விருந்தாளியைப் பூட்டிய வீட்டில் விடுவதா? தங்கை அவளையும் அழைத்துக்கொண்டு இராஜபாளையத்திற்கு வந்துவிட்டாள்.

அது ஜூன் மாதம். மேற்கு மலைமேல் முகில் கவிந்து, குளிர்ந்த காற்று தெருவரை இறங்கி வரும் காலம். கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியதிலிருந்து வலப்புறச் சாளரத்தை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லையாம். எங்கள் ஊர் மலையழகை வந்தவர்கள்தாம் பார்க்கிறார்கள். நாங்கள் பார்ப்பது ஆலைச் சங்கு ஊதும் நேரத்தையும் குடிநீர் வரும் நேரத்தையுமே. 1936-இல் இராஜபாளையம் மில்ஸ் தொடங்கப்பட்ட நாள்முதல் இவ்வூரின் பொழுது பஞ்சிலும் நூலிலுமே விடிகிறது.

கையால் உண்பதும் தரையில் அமர்வதும் அவளுக்குத் தொல்லையாக இருக்கவில்லை. தொல்லை மொழியில் வந்தது. தன் நாட்டில் ஓராண்டு படித்த தமிழோடு வந்திருந்தாள். பூக்காரியிடம், “தாங்கள் எங்கே செல்கிறீர்கள்?” என்று கேட்டாள். அந்த அம்மாள் நீதிமன்றத்தில் நின்றவள்போல் திகைத்துவிட்டாள். அது பரவாயில்லை. மறுநாள் காலை அண்டை வீட்டுத் திண்ணையில் பெண்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கால்மணி நேரம் கூர்ந்து கேட்டவள், முகம் வெளுத்து உள்ளே வந்தாள். ஒரு சொல்கூட விளங்கவில்லை என்றாள். ஓராண்டுப் படிப்பும் வீணோ என்று கலங்கிவிட்டாள்.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அண்டை வீட்டார் ராஜுக்கள். அவர்களுடைய முன்னோர் ஆந்திர நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். கடைத்தெருவில் தமிழ் பேசுவோர், வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள். அவள் கேட்டது தெலுங்கு! “கவலைப்படாதே, 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய நாட்டுத் தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியும் தமிழோடு தெலுங்கையும் வடமொழியையும் கற்க வேண்டியிருந்தது. அன்று மதுரையை ஆண்ட நாயக்கரின் மொழி தெலுங்கு” என்றேன். அவள் தன் குறிப்பேட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டாள். எதற்கெடுத்தாலும் அந்தக் குறிப்பேடுதான். அண்டை வீட்டு வெள்ளை நாயின் இளஞ்சிவப்பு மூக்குகூட அதில் ஏறிவிட்டது. 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற இனமல்லவா!

மூன்றாம் நாள் நண்பகலில் அவள் அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் பகலில் கதவு தாழிடும் வழக்கமில்லை. உடல்நலக் குறைவோ, கோபமோ என்று அன்னை பதறினார். கண்ணில் கட்டோடு எழுந்து போய்க் கதவைத் தட்டி, காப்பி வேண்டுமா என்றார். சிறிது பொறுத்து, சப்பட்டை மாம்பழம் நறுக்கி எடுத்துச் சென்றார். பிறகு அண்டை வீட்டம்மாள் வந்து தட்டினார். ஐந்தாவது முறை கதவு திறந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன. மிகக் கவனமாகச் சொற்களைத் தேர்ந்து, “பாட்டி, எனக்குத் தனிமை வேண்டும்” என்றாள். மதுரைக்கே திரும்பிவிடலாமா என்று தங்கையிடம் தனியாகக் கேட்டாள்.

அந்த ஒரு சொல் அன்னையை உலுக்கிவிட்டது. கணவரை இழந்து இருபதாண்டுகள் கழித்தவர் அவர். தனிமை என்பது ஒருவர்மேல் வந்து விழும் துன்பம். அதை வாய்விட்டுக் கேட்பார் உண்டா? “இந்த வயசுல தனிமைய வேணும்னு கேக்குதே! நம்ம வீட்டுல என்ன கொறை வச்சோம்?” என்று இரவெல்லாம் புலம்பினார். சொல் ஒன்றுதான், அகராதியில் அவள் தேடி எடுத்த பொருள் வேறு, அன்னை வாழ்ந்து கண்ட பொருள் வேறு.

மறுநாள் அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துச் சென்றோம். பேருந்தில் அரைமணிப் பயணம். ஆண்டாளைப்பற்றித் தன் பல்கலைக்கழகத்திலேயே படித்திருந்தாள். 192 அடிக் கோபுரத்தின் பதினொரு நிலைகளையும் தெருவில் நின்று விரல்விட்டு எண்ணினாள். ஆண்டாள் சூடிய மாலை இங்கிருந்து திருப்பதிக்கும் மதுரை அழகருக்கும் செல்வதைத் தங்கை சொல்ல, குறிப்பேடு மீண்டும் திறந்தது. பால்கோவாக் கடையின் பின்கட்டில் அகன்ற சட்டியில் பால் சுண்டுவதை நெடுநேரம் பார்த்தாள். துடுப்பை ஒரு நொடி நிறுத்தினாலும் அடிபிடித்துவிடும் என்றார் கிண்டியவர். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்தின் இரகசியமெல்லாம் பாலும் சர்க்கரையும் ஓயாத கையுந்தான்.

ஆயினும் அன்று அவள் மனம் தெளிந்தது வேறோர் இடத்தில். 1875-இல் நிறுவப்பட்ட பென்னிங்டன் நூலகம் அவ்வூரில் இருக்கிறது. உள்ளே சென்று ஒரு மூலையில் அமர்ந்தவளை ஒரு மணி நேரம் எவரும் அழைக்கவில்லை. எதையும் உண்ணச் சொல்லவில்லை. வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் பிறந்து வளர்ந்த நான், அன்றுதான் அந்த நூலகத்தின் படியேறினேன் என்பதை வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

பேருந்தில் திரும்பும்போதுதான் எனக்கு ஒன்று தோன்றிற்று. வீடு சேர்ந்ததும் அன்னையிடம் கேட்டேன்: “அம்மா, மாலையில் செபமாலையோடு திண்ணையில் அமர்கிறீர்களே, அந்த அரைமணி நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?”

“பேசுவேனா? கையைக் காட்டிப் போகச் சொல்லுவேன்.”

“அந்த அரைமணியைத்தான் அவளும் கேட்கிறாள்.”

அன்னை பதில் கூறவில்லை. கண்கட்டின்மேல் கையை வைத்துச் சிறிது நேரம் இருந்தார். “அத அப்படிச் சொல்லியிருக்கலாம்ல அது” என்றார் பிறகு.

மதுரைக்குத் திரும்பும் பேச்சு அதன்பின் எழவில்லை. ஏழாம் நாள் பிற்பகல், ஒரு தட்டு மாம்பழத்தோடு அண்டை வீட்டம்மாள் வந்தார். அறைக்கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னே நாற்காலி போட்டு அன்னை அமர்ந்திருந்தார். அறுபதாண்டு அண்டைவாசத்தில் பழகிய தெலுங்கில், “பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறது, அப்புறம் வா” என்றார். அந்த அம்மாள் போகவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு அன்னைக்கு அருகிலேயே உட்கார்ந்துவிட்டார்.