சத்தமா, இழுவையா?

பண்டாரவளையில் ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் 1959ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர் கார் ஒன்று இருக்கிறது. இன்று அந்தக் காரின் புகைக்குழாயைப் பற்றி எழுதப் போகிறேன். தேர்தல்களையும் தொழிற்சங்கக் கூட்டங்களையும் மண்சரிவுகளையும் பத்திரிகையில் எழுதியே தலை நரைத்தவனுக்குப் புகைக்குழாயில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். படித்து முடித்த பின் கேளுங்கள்.

அமெரிக்காவில் ‘மசில் கார்’ என்று ஒரு வகை உண்டு. 1964இல் வந்த பொன்டியாக் ஜி.டி.ஓ. போன்ற கார்கள் அவை. நடுத்தர அளவு உடல், அதற்குள் எட்டு சிலிண்டர் கொண்ட பெரிய எஞ்சின். அவற்றை வைத்திருப்பவர்கள் முதலில் கை வைப்பது பெரும்பாலும் புகை வெளியேறும் பாதையில்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த கனத்த வார்ப்பிரும்பு மெனிபோல்டைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் வைத்து எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்கும் ‘ஹெடர்’ என்ற உறுப்பைப் பூட்டுவார்கள். எஞ்சின் மூச்சு விடுவது எளிதாகும், சத்தமும் மாறும்.

நம் மலைநாட்டில் ஆறு லீற்றர் எஞ்சினுக்கு எங்கே போவது? இங்கே பழைய கார் என்றால் மொரிஸ் மைனர், ஒஸ்டின், மினி ஆகியவைதான். மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் அது வெளிவந்தது. பத்து இலட்சத்தைத் தாண்டி விற்பனையான முதல் பிரித்தானியக் கார் அதுவே. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இலங்கைக்குள் புதுக் கார் வருவது அரிதாக இருந்ததால், இருந்ததைப் பழுது பார்த்துப் பழுது பார்த்தே ஒரு தலைமுறை ஓட்டியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளிலும் பழைய கார்களுக்குப் புது மரியாதை கிடைத்தது.

நண்பரின் காரில் இருப்பது 948 சி.சி. எஞ்சின். புதிதாக இருந்தபோது அதன் திறன் 37 குதிரைவலு. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,230 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. எஞ்சினின் பலமும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்துவிடும். பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் பாதையில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அந்தக் கார் படும் பாட்டை நான் பின் இருக்கையில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால், புகைக்குழாயை மாற்றும் பேச்சு தொடங்கியது பலத்துக்காக அல்ல. நண்பரின் மனைவிக்குக் காரில் ஏறினாலே தலைவலி. பதுளைக்குப் போய் வந்தால் மாலை முழுவதும் படுக்கை. மலைப்பாதையின் வளைவுகளால் வரும் மயக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்திருந்தும் பயன் இல்லை. ஒருநாள் வேறு ஏதோ வேலைக்காகக் காரைக் கராஜில் விட்டபோது, கராஜ்காரத் தம்பி காலையில் எஞ்சினை இயக்கிவிட்டுச் சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். குளிர்ந்த எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று ஒரு மெல்லிய சத்தம். எஞ்சின் சூடானதும் அது மறைந்துவிட்டது.

“மாஸ்டர், மெனிபோல்டு வெடிச்சிருக்கு. சூடேறினா இரும்பு விரிஞ்சு வெடிப்பு மூடிக்கிது. அதனாலதான் உங்களுக்குத் தெரியல” என்றார்.

இறக்கத்தில் காலை எடுத்தால் சைலன்சரில் ‘பட் பட்’ என்று வெடிக்குமே, அதுவும் இதனால்தான் என்றார். வெடிப்பின் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாமல் மிஞ்சிய பெற்றோல் ஆவி குழாய்க்குள் எரிகிறது. நண்பரின் பேரனுக்கு அந்தச் சத்தம் மிகவும் பிடிக்கும். ‘ரேஸ் கார் மாதிரி’ என்பானாம்.

புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதை விட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். பழைய காரில் எஞ்சினுக்கும் ஆட்கள் இருக்கும் அறைக்கும் இடையிலுள்ள தகட்டில் வயர் போகும் துளை, பெடல் வரும் துளை என்று எத்தனையோ வழிகள். பண்டாரவளைக் குளிரிலும் பனிமூட்டத்திலும் யார் கண்ணாடியை இறக்கி வைப்பார்கள்? அந்த அம்மாவின் தலைவலிக்குக் காரணம் வளைவுகள் அல்ல.

இனித் தெரிவு. நண்பருக்கு முன்னால் நான்கு வழிகள் இருந்தன.

முதலாவது, வெடித்ததையே ஒட்டுவது. வார்ப்பிரும்பை ஒட்டுவது இலேசான வேலை அல்ல. முழுவதையும் சூடாக்கி, நிக்கல் கம்பியால் ஒட்டி, மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அப்படிச் செய்தாலும் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு வரலாம். இரண்டாவது, உடைக்கப்பட்ட வேறொரு மைனரிலிருந்து கழற்றியதை வாங்குவது. அதுவும் அறுபது ஆண்டு வெப்பத்தையும் மழையையும் பார்த்த இரும்புதான். மூன்றாவது, உள்ளூரில் குழாய் வளைத்து ஹெடர் செய்வது. குழாய்க்குள் மணலை இறுக்கி நிரப்பிச் சூடாக்கி வளைத்தால் வளைவு நசுங்காது. கைத்திறன் உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான்காவது, இங்கிலாந்தில் இந்த எஞ்சினுக்கென்றே செய்யப்படும் ஹெடரை வரவழைப்பது.

இந்த நான்காவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மைனரிலும் மினியிலும் இருப்பது ‘ஏ சீரீஸ்’ என்ற எஞ்சின் குடும்பம். 1951இல் பிறந்து 2000ஆம் ஆண்டு வரை கார்களில் பூட்டப்பட்டது. அதில் ஒரு விநோதம் உண்டு. சிலிண்டர்கள் நான்கு, புகை வெளியேறும் வாசல்கள் மூன்றே. முதலாவதுக்கும் நான்காவதுக்கும் தனி வாசல். நடுவிலுள்ள இரண்டுக்கும் பொது வாசல். ஒரே மேடையை இரண்டு புகையிரதங்கள் முறைவைத்துப் பயன்படுத்துவது போல.

சிலிண்டர்கள் வெடிக்கும் ஒழுங்கு 1, 3, 4, 2. நன்றாகப் பாருங்கள்: ஓரச் சிலிண்டர் ஒன்று, நடுச் சிலிண்டர் ஒன்று என்று மாறி மாறி வருகிறது. ஆகவே ஓரத்து இரண்டு குழாய்களையும் முதலில் ஒன்றாகச் சேர்த்து, நடுவாசலின் குழாயைத் தனியே நீளமாகக் கொண்டுபோய்ப் பின்னர் அதனுடன் இணைத்தால், இரண்டு பக்கத்துப் புகையும் ஒன்றையொன்று மறிக்காமல் வரிசையில் போகும். இதற்கு ‘லோங் சென்டர் பிராஞ்ச்’ என்று பெயர், சுருக்கமாக எல்.சி.பி. குழாயில் ஓடும் ஒவ்வொரு புகைத் துடிப்பும் சந்திப்பை அடையும்போது தாழ்ந்த அழுத்த அலை ஒன்று திரும்பி வாசலுக்கு வரும். அது சரியான கணத்தில் வந்தால் சிலிண்டரில் தங்கிய புகையையும் உறிஞ்சி எடுத்துவிடும். குழாயின் நீளம்தான் அந்தக் கணத்தைத் தீர்மானிக்கிறது.

கராஜ்காரத் தம்பி இதையெல்லாம் படித்தவர் அல்லர். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவரின் மகன். வெல்டிங்கைத் தகப்பனிடம் கற்றவர். ஆனால் அவர் நண்பரிடம் கேட்ட ஒரே கேள்வியில் எல்லாம் அடங்கிவிட்டது: “மாஸ்டருக்குச் சத்தம் வேணுமா, இழுவை வேணுமா?”

அகன்ற குழாய் வைத்த ஹெடர் எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது பலன் தரும். பந்தயத்துக்கு அது சரி. சிறிய எஞ்சினில் அகன்ற குழாய் வைத்தால் குறைந்த வேகத்தில் புகையின் ஓட்டம் தளர்ந்துவிடும். மலைப்பாதையில் நமக்கு வேண்டியது நடு வேகத்தில் இழுவை. வளைவில் திரும்பி இரண்டாவது கியரில் ஏறும்போது எஞ்சின் திணறக் கூடாது. எனவே சிறு விட்டமுள்ள எல்.சி.பி. என்று முடிவாயிற்று. மினிக்குச் செய்தது மைனருக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். மினியில் எஞ்சின் குறுக்காகவும் மைனரில் நெடுக்காகவும் இருக்கிறது. குழாய் இறங்கும் வழி வேறு.

துருப்பிடிக்காத எஃகா, சாதாரண எஃகா என்பது அடுத்த கேள்வி. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவில் பெய்யும் மழையைப் பார்த்தவர்கள் இதற்கு விடை சொல்வார்கள். சாதாரண எஃகின் மேல் வெப்பத் துணி சுற்றுவதும் இங்கே ஆகாது. துணி ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயை விரைவில் தின்றுவிடும். லண்டனில் இருக்கும் நண்பரின் மருமகன் விடுமுறைக்கு வரும்போது துருப்பிடிக்காத எஃகுக் குழாயைப் பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார்.

பூட்டும் வேலை ஒருநாளில் முடியவில்லை. மைனரில் காற்று உள்ளே போகும் பாதையும் புகை வெளியேறும் பாதையும் ஒரே வார்ப்பு. பழையதைக் கழற்றினால் இரண்டும் போய்விடும். ஆகவே காபரேட்டருக்குத் தனி அலுமினிய மெனிபோல்ட் வேண்டும். பழைய வார்ப்பில் புகையின் சூடு காபரேட்டரின் அடியைச் சூடாக வைத்திருந்தது. புதியதில் அது இல்லை. ஈரம் மிகுந்த குளிர்காலைகளில் காபரேட்டருக்குள் பனி படிந்து எஞ்சின் நின்றுவிடும். அதனால் சுடுநீர் ஓடும் வழியுள்ள மெனிபோல்டாகப் பார்த்து, ஹீட்டர் குழாயிலிருந்து இணைப்புக் கொடுத்தார் தம்பி.

இரண்டு மெனிபோல்டுகளையும் பொதுவான தடித்த வாஷர்களே அழுத்திப் பிடிக்கின்றன. ஒன்றின் விளிம்பு சற்றுத் தடித்திருந்தாலும் மற்றது இறுகாது. அங்கே மீண்டும் கசிவு. அரத்தை எடுத்து இரண்டு விளிம்புகளையும் ஒரே தடிப்புக்குக் கொண்டுவர அரை நாள் ஆனது. பித்தளை நட்டுகள் போட்டார். இரும்பு நட்டு துருவேறி இறுகிக்கொள்ளும். எஞ்சின் ஆடும்போது குழாய் முறியாதிருக்கக் கியர்பெட்டிக்கு அருகே ஒரு பிடி. தோட்டப் பாதைக் கற்களில் மோதாதபடி சந்திப்பை இயன்றவரை மேலே தூக்கிவைத்தார். சில நாள் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் இறுக்கினார்.

காபரேட்டரின் ஊசியும் மாற வேண்டியிருந்தது. புகை எளிதாகப் போனால் காற்று அதிகம் வரும். அதற்கேற்பப் பெற்றோலும் வேண்டும். இங்கே மலைநாட்டுக்காரர்கள் மறக்கக்கூடாத ஒன்று: பண்டாரவளையில் அளவாக வைத்த கலவை, வெல்லவாயவுக்கோ கொழும்புக்கோ இறங்கினால், காற்று அடர்ந்து பெற்றோல் போதாமல் போகும். வால்வு கருகிவிடும். தம்பி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார். வெளுத்திருந்தால் பெற்றோல் குறைவு, கரியாக இருந்தால் அதிகம். மலையில் சற்றே மிகுதியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் தோட்டத்தில் வளர்ந்தவன். லயத்து வாசலில் இருந்துகொண்டே, கீழ்ப்பாதையில் வருவது பெரிய துரையின் காரா, டிஸ்பென்சர் ஐயாவின் மோட்டார் சைக்கிளா என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவோம். துரையின் கார்ச் சத்தம் கேட்டால் பேச்சு அடங்கிவிடும். வாகனத்தின் சத்தம் என்பது யாரோ ஒருவருடைய அதிகாரம் என்றே அந்த வயதில் விளங்கியிருந்தது. இன்று அதே தோட்டங்களின் பேரப்பிள்ளைகள் மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரை அதிர வைக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. தங்களை எல்லோரும் கேட்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

ஆனால், பண்டாரவளைக்குப் பக்கத்துத் தியத்தலாவையில், பொக்ஸ் ஹில் பந்தயத்தில் 2024 ஏப்ரல் 21ஆம் திகதி கார் ஒன்று பாதையை விட்டுப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். வேகத்தின் சத்தத்தை வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள் அவர்கள். அதன் பின் சைலன்சர் இல்லாத வாகனம் ஒன்று கடைத்தெருவில் சீறும்போது என் கண் தானாகவே வீதியோரத்துப் பிள்ளைகளைத் தேடுகிறது.

நண்பரின் கார் இப்போது முன்பை விட அமைதியாக ஓடுகிறது. சைலன்சரை அப்படியே வைத்திருக்கிறார்கள். 37 குதிரைவலு 57 ஆகிவிடவில்லை. அப்புத்தளை ஏற்றத்தில் முதல் கியருக்கு இறங்க வேண்டிய ஓரிடத்தில் இரண்டாவதிலேயே ஏறுகிறது, அவ்வளவுதான். பழைய வார்ப்பை எறியவில்லை. எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஒட்டத் தெரிந்த கை ஒன்று என்றாவது கிடைக்கலாம். பேரனுக்கு மட்டும் ‘பட் பட்’ சத்தம் போனதில் வருத்தம். அவனுடைய பாட்டி இப்போது பதுளைக்குப் போய்வந்த மாலையிலும் அடுப்படியில் நிற்கிறார்.

உங்கள் வீட்டிலோ ஊரிலுள்ள உறவினர் வீட்டிலோ பழைய கார் இருந்தால், ஹெடரையும் குதிரைவலுவையும் பற்றிப் பிறகு யோசிக்கலாம். நாளைக் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வீட்டுக்கு வெளியே நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து இயக்குங்கள். ஒரு நிமிடம் பேசாமல் நின்று கேளுங்கள்.