கிணற்றுக் கல்லில் ஒரு கடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணறு வெட்டியோர் பலரும், தாம் அறியாமலே, பழங்கடல் ஒன்றின் அடித்தளத்தை வெட்டியவர்கள். நம் காலடியிலுள்ள சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தில், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஆழங்குறைந்த வெப்பக் கடலில் படிந்தது.

இத்தகைய கடற்படிவுகளில் ஆய்வாளர் விரும்பித் தேடும் பொருள்களுள் ஒன்று, ஒஸ்ட்ராகோட் எனும் சிற்றுயிரியின் ஓடு. நண்டுக்கும் இறாலுக்கும் தூரத்து உறவான இது பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றர் நீளத்தைத் தாண்டாது. மட்டியைப் போல இரு மூடிகளுக்குள் வாழ்ந்து, வளருங்கால் எட்டு முறை வரை ஓட்டைக் கழற்றும். கழற்றிய ஓடுகளும் சேற்றில் புதைந்து உயிர்ச்சுவடாகும். ஓட்டிலுள்ள மக்னீசியத்தின் அளவைக் கொண்டு அன்றைய நீரின் வெப்பத்தைக் கணிக்கிறார்கள்.

சாட்சியின் தகுதியைப் பார்த்த பின்னரே சாட்சியத்தை ஏற்பது பத்திரிகைத் தொழிலில் நான் கற்ற பாடம். இந்தச் சாட்சியின் தகுதி யாது? கடலடியில் வாழும் ஒஸ்ட்ராகோட்டுகளுக்கு நீரோட்டத்தில் மிதந்து செல்லும் இளம்பருவம் இல்லை. ஆழ்கடலைத் தாண்டுவது அவற்றுக்கு அரிது. எனவே ஒரே கரையோர இனம் தொலைவான இரு கரைகளில் காணப்படின், இடையே ஆழமற்ற கடல்வழி இருந்திருக்கலாம் என ஊகிக்க இடமுண்டு.

நம் கடலும் இவ்வாய்வுக்குப் புதிதன்று. முத்துச்சிப்பிகளை ஆராய 1902இல் இலங்கை வந்த பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் சேகரித்தவற்றில் ஒஸ்ட்ராகோட்டுகளும் இருந்தன. அவற்றைப் பற்றிய அறிக்கையை அன்ட்ரூ ஸ்கொட் 1905இல் வெளியிட்டார்.

என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அன்று தரை. இன்று அங்கு வாழும் கடல் ஒஸ்ட்ராகோட்டுகள் யாவும், நீர் திரும்பிய பின் குடியேறியவற்றின் வழித்தோன்றல்களே. இரு கரைகளிலும் நின்று யார் முந்தியவர் என வாதிட்டே ஆயுளைக் கழித்த தலைமுறை எங்களுடையது. அந்த வழக்கில் இக்கடலடி எவர் பக்கமும் பேசாது.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1950 முதல் 1990 வரை அரைத்தது இக்கல்லைத்தான். இதன் துளைகளிலும் வெடிப்புகளிலும் தங்கும் மழைநீரே நம் கிணறுகளில் ஊறுகிறது. வற்றாத ஆறொன்றில்லாத மண்ணுக்கு இக்கல்லே ஆறு. வெட்டியெடுத்த கல் மீண்டும் படிய நமக்குக் காலம் போதாது. கல் அகழப்படும் இடமெங்கும் ஒரு கைப்பிடியேனும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கும் மாணவர் நமக்கு வேண்டும். தண்ணீருக்காக அக்கல்லைக் காப்போர், தம்மை அறியாமலே அந்தக் கடலின் வரலாற்றையும் காக்கிறார்கள்.