நாலுகால் வழித்துணை

நடை மூவகைப்படும். கருமம் பற்றி நடப்பது ஒன்று. நேர்த்தி பற்றி நடப்பது மற்றொன்று. யாதொரு பயனும் கருதாது, நடத்தலின் இன்பத்துக்காகவே நடப்பது மூன்றாவது. முதலிரண்டையும் எமது மக்கள் நன்கறிவர். வயலுக்கும் சந்தைக்கும் நடந்த கால்களே, வடக்கிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமம் வரையும் நடக்கின்றன. மூன்றாவது வகை நடையை மட்டும் எமது ஊர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. குளக்கட்டிலே கைவீசிக்கொண்டு தனியே நடக்கும் ஓர் இளைஞனைக் கண்டால், “தம்பி, எங்கை போறாய்?” என்று ஐந்து பேர் கேட்பர். “சும்மா” என்று விடையிறுத்தால், ஆறாவது ஆள் வீட்டுக்கே வந்து விசாரிப்பார். ஆனால், அவ்விளைஞனுக்கு முன்னே ஒரு நாய் ஓடுமாயின் எவரும் கேள்வி கேட்பதில்லை. நாய் நடப்பதற்குக் காரணம் வேண்டியதில்லை என்பதை ஊர் ஒப்புக்கொண்டிருக்கிறது. அத்தகைய ஒரு நாயைப் பற்றியும், அதன் பின்னால் நடந்து நான் கற்றவற்றைப் பற்றியும் ஈண்டு எழுத விழைகிறேன்.

எமது வீடு இரணைமடுக் குளத்துக்கு அண்மையில் உள்ளது. வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் அது. கனகராயன் ஆற்றை மறித்து அதனைக் கட்டும் வேலை 1902 இல் தொடங்கிற்று. அதற்கு முன்னர் அவ்விடத்தில் இரு மடுக்கள் இரட்டையாகக் கிடந்தமையாலேயே இரணைமடு என்ற பெயர் வழங்கலாயிற்று என்பர். மாரியில் குளம் நிறைந்து வான் பாயும்போது, கட்டில் நடப்பவனுக்கு ஒருபுறம் கடல்போன்ற நீர்ப்பரப்பு. மறுபுறம் காலபோக நெல்லின் பசுமை. கோடையில் நீர் உள்வாங்க, ஈரச்சேறு அகன்று விரியும். இரவு நீர் அருந்த வந்த உயிர்களெல்லாம் தத்தம் அடித்தடங்களை அதிலே விட்டுச் செல்லும். மான் வந்ததும், பன்றி கிளறியதும், முதலை வயிற்றை இழுத்துச் சென்றதும் காலையில் அங்கு எழுதப்பட்டிருக்கும். அவற்றுட் சிலவற்றையே மனிதக் கண்கள் வாசிக்கும். எஞ்சியவற்றை வாசிப்பவன் வீமன்.

வீமன் எங்கள் நாயின் பெயர். பெயருக்கேற்ற பருமன் அதற்கில்லை. வன்னியின் எந்தத் தெருவிலும் காணத்தக்க, செம்மண் நிறமான ஊர்நாய் அது. நான் பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வரும் நாளை எவரும் அதற்கு அறிவிப்பதில்லை. எனினும் மறுநாள் விடியற்காலை அது என் கதவடியில் நிற்கும். துருசடியிலிருந்து கட்டின் வழியே நடக்கத் தொடங்குவோம். நான் கிழக்கு வானத்தையும், மரங்களில் சிறகுலர்த்தும் நீர்க்காகங்களையும் பார்ப்பேன். வீமன் நிலத்தைப் பார்க்கும். பார்ப்பதென்பதும் பிழை, முகரும். ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேலே கூவிக்கொண்டு சுற்றினாலும் அது நிமிர்ந்து நோக்காது.

மனிதனது மூக்கில் மணமறியும் கலங்கள் ஏறத்தாழ 50 இலட்சம் உண்டு; நாயின் மூக்கிலோ 20 கோடிக்கும் மேல் என்று விஞ்ஞானிகள் கணக்கிடுகின்றனர். உட்சென்ற காற்றைக் குலைக்காதபடி, மூக்குத் துவாரத்தின் பக்கப் பிளவுகளால் மூச்சை வெளிவிடும் அமைப்பும் அதற்குண்டு. ஒருவன் நடந்து சென்ற தடத்தில் ஒரு சில அடிகளை மட்டும் முகர்ந்து, அவன் எத்திசை நோக்கிச் சென்றான் என்பதையும் பயின்ற நாயால் உணரமுடியும் எனப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. எனவே நாங்கள் இருவரும் ஒரே கட்டில் நடந்தாலும் ஒரே உலகில் நடப்பதில்லை. என் உலகில் இக்கணம் மட்டுமே உள்ளது. வீமனின் உலகிலே நேற்றைய இரவும் இன்னும் முடியாமல் கிடக்கிறது.

இவ்வேறுபாட்டின் பெறுமதி கட்டைவிட்டிறங்கிக் காட்டுவழியில் நுழையும்போதுதான் தெரியவரும். பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காட்டிலே, வளைவுக்கு அப்பால் யாதிருக்கிறது என்பதைக் கண் அறியாது. காடறிந்தவரான என் பெரியப்பா எனக்குச் சொல்லித் தந்த விதி ஒன்றே: “நாய் ஓடினா நீ ஓடாதை, நாய் நிண்டா நீயும் நில்.” பாலைப்பழக் காலத்தில் ஒருநாள் அவருடன் அவ்வழியே சென்றபோது வீமன் திடீரென நின்றது. குரைக்கவில்லை. பிடரி மயிர் சிலிர்க்க, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடியே நின்றது. நாங்களும் நின்றோம். காற்று எங்களை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. சில நிமிடங்கள் கழிந்தபின், மிக அருகிலே ஒரு கிளை முறியும் ஓசை கேட்டது, தொடர்ந்து மற்றொன்று. பெரியப்பா வாய் திறவாது கையால் பின்னே காட்டினார். வந்த வழியே திரும்பினோம். மறுநாள் சென்று பார்த்தபோது, நாங்கள் நின்ற இடத்துக்கு இருபது பாகத்துக்கு அப்பால் யானையின் இலத்தி கிடந்தது.

நிற்கத் தெரிந்தவனே நடக்கத் தகுந்தவன் என்பதை எமது தலைமுறை வேறொரு வகையிலும் அறிந்திருக்கிறது. 2009 இல் போர் முடிந்து, 2010 இல் நாங்கள் ஊர் திரும்பியபோது எனக்கு எட்டு வயது. வீட்டுக்கு வழி இருந்தது. வீட்டைச் சுற்றி வழிகள் இருக்கவில்லை. மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகள் காட்டோரங்களில் நாட்டப்பட்டிருந்தன. பந்து உருண்டு அப்பால் போனால் அதைப் பந்தாகக் கருதக்கூடாது என்று அம்மா சொல்லித் தந்தார். கால் வைக்கத்தக்க நிலமும் வைக்கத்தகாத நிலமும் ஒரே பச்சையாகத்தான் இருந்தன. மிதிவெடி அகற்றும் பணியின் பெரும்பகுதி மனிதக் கைகளாலேயே நடைபெற்றது. இரும்புப் பல் வாரிகளால் மண்ணைச் சிறிது சிறிதாக வழித்தெடுத்தவர்களுட் பெண்கள் பலர். அப்பணியிலே நாய்களும் ஈடுபடுத்தப்பட்டன. வெடிமருந்தின் மணத்தை உணர்ந்ததும் அந்நாய் தோண்டாது, குரைக்காது. அவ்விடத்தில் அமைதியாக அமர்ந்துவிடும். அது பெறும் பரிசு விளையாட ஒரு பந்து. மிதிவெடிகளைத் தடைசெய்யும் 1997 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. உடன்படிக்கை தாளிலே எழுதப்படுகிறது. அதனை நிலத்திலே எழுதியவர்கள் வாரி பிடித்த அப்பெண்களும் பந்துக்காக உழைத்த அந்நாய்களுமே. இன்று ஒருவன் ‘சும்மா’ நடக்கிறான் என்றால், அந்தச் சும்மா இருத்தற்குப் பின்னால் எத்துணை உழைப்பு உள்ளது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, சர்ச்சைக்குரிய ஒரு விடயம். காட்டு வாயிலை அடைந்ததும் நான் வீமனின் கழுத்தில் கயிறு கட்டுவேன். என் தம்பிக்கு இது பிடிப்பதில்லை. “கட்டு முழுக்க ஓடவிட்டுப்போட்டு காட்டுக்குள்ள கட்டினால் அது என்ன சுதந்திரம், அண்ணா?” என்பான். அவன் வினாவில் நியாயம் இல்லாமலில்லை. எம் முன்னோர் உடும்புக்கும் முயலுக்கும் நாயை அவிழ்த்துவிட்டே காடு புகுந்தனர். ஆயினும் அவிழ்த்துவிட்ட நாய் யானையைக் கண்டு குரைத்தால், யானை அதனைத் துரத்தும். நாயோ தன் எசமானனிடமே ஓடிவரும். குளத்தோரச் சேற்றிலே இறங்கும் நாயை முதலை காத்திருக்கும். சிறுத்தைக்கோ நாய் எளிதில் கிட்டும் இரை; அதனைத் தேடிச் சிறுத்தை ஊர்ப்பக்கம் வரின் இரு சாராருக்கும் கேடு. 2018 யூன் மாதத்தில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தையொன்று பலரைக் காயப்படுத்தியதும், பின்னர் மக்களால் அடித்துக் கொல்லப்பட்டதும் நாமறிந்ததே.

ஆபத்து காட்டிலிருந்து நாய்க்கு வருவது மட்டுமன்று. நாயிலிருந்து காட்டுக்கும் செல்கிறது. 1994 இல் ஆபிரிக்காவின் செரெங்கெற்றிச் சமவெளியில், நாய்களுக்கு உண்டாகும் ‘டிஸ்ரெம்பர்’ நோய் பரவிச் சிங்கங்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மடிந்தது. கிராமத்து நாய்களே அந்நோயின் ஊற்று என ஆய்வாளர் கருதினர். எமது காட்டிலும் நரிகள் உண்டு. ஆகவே வீமனுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதும், காட்டில் கயிறு கட்டுவதும், நாய்க்கு அனுமதியில்லாத தேசியப் பூங்காக்களின் எல்லையோடு திரும்பிவிடுவதும் அதன் சுதந்திரத்தைப் பறிப்பனவல்ல. தன் வீட்டில் சத்தமிட்டுச் சிரிப்பவன் பிறர் வீட்டில் குரல் தாழ்த்துவது அடிமைத்தனமாகுமா? காடு பிறர் வீடு. தம்பி இதனை முழுமையாக ஏற்கவில்லை. எனினும் சென்ற விடுமுறையில் கயிற்றை அவனே கையில் எடுத்துக்கொண்டான்.

பாரதத்தின் இறுதியில் பாண்டவர் வடக்கு நோக்கி நடந்தபோது, தம்பியரும் திரௌபதியும் ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். தருமருடன் இறுதிவரை நடந்தது ஒரு நாய். அதனைக் கைவிட்டால் விண்ணுலகம் என்றபோது, அவர் விண்ணுலகை மறுத்தார் என்பது கதை. அந்நாய் தருமதேவதையே என்று கதை முடிகிறது. இக்கதையைத் தருமரின் பெருமையாகவே நாம் படித்து வந்துள்ளோம். வழித்துணையைப் பற்றிய கதையாகவும் அதனைப் படிக்கலாம். உடன் நடப்பவரைக் கைவிடாமையும், உடன் நடப்பவர் நிற்கும்போது தானும் நிற்பதுமே துணையின் இலக்கணம். நூலகத்தின் நான்கு சுவருக்குள் அறிவைத் தேடும் எம் போன்றோர் விடுமுறைக் காலங்களிலேனும் ஒரு நாயின் பின்னால் நடந்து பார்த்தல் நன்று. நாம் அறியாதவை எமக்கு முன்னே எவ்வளவு அருகில் உள்ளன என்பதை, அது ஒரு முன்னங்காலைத் தூக்கி நின்றே உணர்த்திவிடும்.