99 ஏ.பி.ஓ.

அப்பாவின் கடிதத்தில் ஊர்ப்பெயர் இருக்காது. பெயர், நம்பர், யூனிட், அதன் கீழே 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் நிலைய எண். அவ்வளவுதான். 1971இல் ஒருநாள் அந்த 56 மாறி 99 ஆனது. வட ஆற்காட்டில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு குறைவு. தபால்காரரே பார்த்துச் சொல்லிவிட்டார்: “99னா கல்கத்தா வழியா போற தபாலும்மா. அண்ணன் கிழக்கே போயிட்டாரு.”

அடுத்த கடிதத்தில், “இங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை, எங்கு பார்த்தாலும் ஆறு” என்று எழுதியிருந்தார். அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர். பாலம் போடுவது அவர்கள் வேலை. அவர் ஆற்றைப் பற்றி எழுதினால் அழகை ரசித்து எழுதவில்லை என்று அம்மாவுக்குத் தெரியும்.

தணிக்கைக்காரர் கண்ணில் படாமல் சேதி சொல்வது சிப்பாய்களுக்குப் பழைய வித்தை. முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் தங்களைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைக்காரர்களைச் சிவப்பு மிளகாய் என்றும் எழுதினார்கள். மிளகு தீர்ந்து வருகிறது என்றால் ஆட்கள் சாகிறார்கள் என்று பொருள். தணிக்கை அலுவலகம் அதையும் கண்டுபிடித்துவிட்டது, பாவம்.

டிசம்பர் 3 அன்று போர் மூண்டது. 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததை ரேடியோவில் கேட்டுத் தெருவில் வெல்லம் கொடுத்தார்கள். அம்மா அதை வாங்கி மாடத்தில் வைத்தாள். இரண்டு நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. “தேதி என்ன போட்டிருக்கு?” என்றாள். 8 என்றேன். “மடிச்சு வை.” உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. 19ஆம் தேதி போட்ட கடிதம் ஜனவரியில் வந்த பிறகுதான் மாடத்து வெல்லம் அவளுக்கு நினைவு வந்தது. எறும்பு விட்டுவைத்திருக்கவில்லை.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல எழுதியவன் நான்தான். அப்போது பத்து வயது. அந்தக் கார்த்திகை மழையில் மாட்டுக்கொட்டாய்ச் சுவர் விழுந்துவிட்டது. “அத எழுதாத. அவரு அங்க இருந்துகிட்டு என்ன செய்வாரு?” என்றாள். எல்லாரும் சுகம், மாடு சுகம், பாட்டி சுகம் என்று எழுதினேன். அப்புறம் இன்லண்டு லெட்டரை ஒட்டுவதற்கு முன் ஓரத்தில் பொடி எழுத்தில், ‘கொட்டாய்ச் சுவர் விழுந்தது, மாட்டுக்கு அடி இல்லை’ என்று சேர்த்துவிட்டேன். அகதிகள் நிவாரணத்துக்கான 5 காசுத் தபால்தலையையும் ஒட்டிப் பெட்டியில் போட்டபின் வயிற்றைப் பிசைந்தது. சண்டை முடியும்வரை, அப்பாவுக்கு ஏதாவது ஆனால் அந்த வரிதான் காரணம் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

லீவில் வந்தவர் டிரங்குப் பெட்டியை இறக்கியதும் நேரே கொட்டாய்க்குப் போனார். நான் பின்னாலேயே போய் நின்றேன். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லாரும் சுகம், சுகம்னே எழுதினா என்னமோ மறைக்கிறாங்கன்னு மனசு அடிச்சுக்கும்டா. சுவரு விழுந்துச்சுன்னு பாத்ததும்தான் மத்ததெல்லாம் நெசம்னு தூங்கினேன். நல்லவேளை, அந்த ஒரு வரி எழுதின.”

சாணி அள்ளிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். “எந்த வரி?”