பின் கியரை மாற்றும் முன்

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குச் சைக்கிளில் போகிறவர் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்ட வேண்டும். வழியில் மேடு என்று சொன்னால் அந்தப் பாலங்களின் ஏற்றம்தான். மற்றதெல்லாம் வயலும் சமதளச் சாலையும். இந்த ஊரில் கியர் சைக்கிள் எதற்கு என்று என் சைக்கிள் கடைக்கு வரும் பெரியவர்கள் கேட்பதுண்டு. ஆடி மாதம் அம்மாபேட்டையிலிருந்து மேற்கே தஞ்சாவூரைப் பார்த்து, எதிர்காற்றில், கேரியரில் ஒரு மூட்டையோடு மிதித்து வந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. காற்றுதான் எங்கள் மலை.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் கியர் கிடையாது. ஆக, என் கடைக்கு வரும் ஒவ்வொரு கியர் சைக்கிளும் ஒரு வீட்டுக்காரர் அறுவடைக் காசிலோ சம்பளத்திலோ மிச்சம் பிடித்து, பிள்ளை ஆசைப்பட்டான் என்று வாங்கிக் கொடுத்தது. விலை குறைந்த வண்டி என்பதால் அதைக் குறைந்த கவனத்தோடு பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்காது. பின் கியர் உடைந்தால், ‘கியரைக் கழற்றிப் போட்டுட்டு செயினை வெட்டிச் சாதா சைக்கிளா ஆக்கிடலாம்’ என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொள்வது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது சரியான வேலை அல்ல. கியர் வண்டியின் பிரீவீலில் உள்ள பற்கள் செயினைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காக மட்டும் வெட்டப்பட்டவை அல்ல. பக்கத்துப் பல்சக்கரத்துக்கு எளிதாக விட்டுக்கொடுக்கவும் சேர்த்தே வெட்டப்பட்டவை. பின் கியர் இல்லாமல் அதில் செயின் நேராக ஓடாது. அழுத்தி மிதிக்கும்போது தாவும். பாலத்து ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும் பிள்ளைக்கு அந்தத் தாவல் ஆபத்து.

மாற்றுவதுதான் வழி என்றால், எதை எடுத்துவிட்டு எதைப் போடுகிறோம் என்று தெரிய வேண்டும். கழற்றி மாட்டுவது ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடியது. எந்தக் கியர் என்று இனம் காண்பதில்தான் இந்தத் தொழிலின் பெரும்பகுதி இருக்கிறது.

நான் முதலில் மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும் எடுத்து அதைச் சுத்தம் செய்வேன். டெல்டாக் களிமண் காய்ந்தால் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும். அதைச் சுரண்டினால், கியரின் உள்பக்கத்தில், சக்கரத்தைப் பார்த்த முகத்தில், எழுத்து தெரியும். ஷிமானோவாக இருந்தால் ‘ஆர்டி’ என்று தொடங்கி ஒரு குறியீடு இருக்கும்: டிஒய்300, டிஇசட்500 என்கிற மாதிரி. இவை டூர்னி என்ற அடிமட்ட வரிசையைச் சேர்ந்தவை. பட்ஜெட் வண்டிகளில் அதிகம் வருவது இவையும் இவற்றைப் பார்த்துச் செய்த சீனக் கியர்களும்தான். வெளிப்பக்கம் பளபளவென்று ஒட்டியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம். உள்பக்கத்தில் எழுத்து இல்லாவிட்டாலும் கவலையில்லை. உறுப்பே தன்னைப் பற்றிச் சொல்லும்.

முதலில் அது பிரேமில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சில கியர்களில் ஓர் இரும்புப் பட்டை இருக்கும்; அது பின் சக்கர அச்சின் நட்டோடு சேர்ந்து இறுகும். பிராக்கெட் வகை என்போம். வேறு சிலவற்றில் பிரேமின் பின்முனையில் கீழே தொங்கும் ஒரு காது இருக்கும். கியரின் போல்ட் நேராக அந்தக் காதில் முடுக்கப்பட்டிருக்கும். இது ஹேங்கர் வகை. ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கி வந்து கடை வாசலில் நிற்பவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன்.

அடுத்தது பின்பக்கப் பல்சக்கரங்களின் எண்ணிக்கை. 18 கியர் என்றால் பின்னால் 6, 21 என்றால் 7. இங்கே ஒரு நல்ல செய்தி: ஷிமானோவின் பழைய 6, 7, 8, 9 வேகக் கியர்கள் பெரும்பாலானவற்றில் ஒயர் இழுக்கும் அளவுக்குப் பின் கியர் நகரும் விகிதம் ஒன்றே. எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கைப்பிடியில் இருக்கும் லிவர். அதனால் 6 வேக வண்டிக்கு 7 வேகக் கியர் போட்டாலும் ஓடும். ஆனால் ஸ்ராம் நிறுவனத்தின் பெரும்பாலான லிவர்கள் இழுக்கும் அளவு வேறு. லிவர் ஒரு வகை, கியர் வேறு வகை என்று கலந்தால் எத்தனை முறை டியூன் செய்தாலும் நடுக் கியர்கள் சேராது.

மூன்றாவது, இரண்டு சின்னச் சக்கரங்களைத் தாங்கிச் செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டின் நீளம். இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒரு வண்டியில் முன் தட்டுகளில் பெரியது 42 பல், சிறியது 24 பல், வித்தியாசம் 18. பின்னால் பெரியது 28, சிறியது 14, வித்தியாசம் 14. இரண்டையும் கூட்டினால் 32. அவ்வளவு தளர்ந்த செயினை இந்தக் கியர் சுருட்டிக்கொள்ள வேண்டும். பின்னால் 34 பல் உள்ள பெரிய சக்கரம் இருந்தால் கணக்கு 38 ஆகிவிடும். குட்டைக் கூண்டு வைத்த கியரைப் போட்டால், சின்னத் தட்டும் சின்னச் சக்கரமும் சேரும்போது செயின் தொங்கும்; அதற்காகச் செயினைக் குறைத்தால், பெரிய தட்டும் பெரிய சக்கரமும் சேரும்போது செயின் விறைத்து கியரையே பிய்த்துவிடும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு சின்னச் சக்கரங்களின் நடுவில் உள்ள இடைவெளியை ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும்.

பின் கியரின் உடலாக இருக்கும் சாய்ந்த இணைகர வடிவத்தைக் கையில் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும். 1937 வரை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இப்படிக் கியர் மாற்றும் கருவிக்கே அனுமதி இல்லை. 1964இல் ஜப்பானின் சன்டூர் நிறுவனம்தான் இணைகரத்தைச் சாய்த்து, மேல் சின்னச் சக்கரம் எல்லாப் பல்சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் ஓடும்படி செய்தது. அந்தக் காப்புரிமை 1980களின் நடுவில் காலாவதியானதும் மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அன்று ஒரு நிறுவனத்திடம் மட்டும் இருந்த நுட்பம் இன்று ஒரத்தநாட்டுப் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது.

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து சாலையோரம் நெல்லும் வைக்கோலும் கிடக்கும் காலத்தில் வரும் வண்டிகளுக்கு ஒரே மாதிரி நோய். போன அறுவடைக்கு ஒரு பிளஸ் டூ பையன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். பின் கியர் மடங்கி ஸ்போக்ஸ் கம்பிக்குள் போயிருந்தது. கீழ்ச் சின்னச் சக்கரத்தைச் சுற்றி வைக்கோல் கயிறு திரித்த மாதிரி இறுகியிருந்தது.

“தம்பி, வண்டி இதுக்கு முன்னாடி வலது பக்கமா விழுந்துச்சா?”

“ஆமாண்ணே. வாய்க்கா கரையில சாச்சி வச்சிருந்தேன். அப்பவே ஒண்ணாம் கியர்ல கடகடன்னு சத்தம் கேட்டுச்சு.”

வைக்கோல் கடைசிக் காரணம்தான். வண்டி வலது பக்கம் விழுந்த அன்றே ஹேங்கர் உள்ளே வளைந்திருக்கிறது. அதன்பின் ஒன்றாம் கியரில் கூண்டு கம்பியை உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. வளைந்த காதில் புதுக் கியரை மாட்டினால் அதுவும் அதே கம்பிக்குள்தான் போகும். எனவே புதுசைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, கண்ணைச் சக்கரத்தின் நேர்கோட்டில் வைத்துக் காது செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவுகோல் கருவி இல்லாத கடைகளில் ஒரு வழி உண்டு. கியர் போல்ட்டின் மரை 10 மில்லிமீட்டர். குவிக் ரிலீஸ் வகைப் பின்சக்கர அச்சிலும் அதே மரைதான். அப்படிப்பட்ட பழைய பின் சக்கரம் ஒன்றை அந்தக் காதில் முடுக்கினால் இரண்டு சக்கரங்களும் அடுத்தடுத்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலும் கீழும் முன்னும் பின்னும் ஒன்றாக வரும்வரை மெல்ல வளைத்தால் காது நேராகிவிடும். இரும்பு பொறுத்துக்கொள்ளும். அலுமினியக் காது விரிசல் விடக்கூடும். அதைக் கழற்றி, வடிவமும் துளையும் பார்த்து, வேறு போடுவதே நல்லது.

மாட்டும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கீழ்ச் சின்னச் சக்கரத்தின் போல்ட்டைக் கழற்றினால் கூண்டு திறந்துகொள்ளும். செயினை வெட்ட வேண்டியதில்லை. ஐந்து மில்லிமீட்டர் ஆலன் கீயால் முடுக்கும்போது பின்புறத்துச் சிறு திருகு காதின் படியில் சரியாக உட்கார வேண்டும். ஒயரை மாட்டாமலே ‘எச்’ திருகைத் திருப்பி, மேல் சின்னச் சக்கரம் மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு நேர் கீழே வரும்படி வையுங்கள். பிறகு ஒயர். பிறகு ‘எல்’ திருகு. இதில் அவசரமே கூடாது. கையால் கியரை உள்ளே தள்ளிக்கொண்டே பெடலைச் சுற்றுங்கள். செயின் பெரிய சக்கரத்தில் ஏற வேண்டும். அதைத் தாண்டிக் கம்பிப் பக்கம் ஒரு இம்மியும் போகக் கூடாது. மேல் சின்னச் சக்கரம் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் தேய்மானம் என்று நினைத்துவிடாதீர்கள். பல கியர்களில் அந்த ஆட்டத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள்.

ஒயர் அவுட்டரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிரேக் அவுட்டரும் கியர் அவுட்டரும் ஒன்றல்ல. பிரேக் அவுட்டருக்குள் கம்பி சுருளாக இருக்கும்; இழுத்தால் அமுங்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அமுங்காது. கையில் இருக்கிறதே என்று பிரேக் அவுட்டரை வெட்டிப் போட்டால் கியர் ஒருநாளும் ஒரு இடத்தில் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பின் கியருக்கு அருகே வளைந்து வரும் கடைசித் துண்டில் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். கியர் போய்விட்டது என்று வரும் வண்டிகளில் கணிசமானவற்றுக்கு அந்தச் சாண் அளவு அவுட்டரும் ஒரு ஒயரும் மாற்றினால் போதும். அதைச் சொல்லித் திருப்பி அனுப்புவதில் கடைக்கு வருமானம் குறைவுதான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கம்பெனிக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இந்தச் சமவெளிக்கு முன்பக்கம் மூன்று தட்டு தேவையில்லை. ஒரு தட்டும் பின்னால் ஏழும் போதும். மிச்சமாகும் காசில் நல்ல பின் கியரும் அதற்கு ஒரு இரும்புக் காப்பு வளையமும் வைத்துக் கொடுங்கள்.

பெற்றோருக்குச் சொல்வது இவ்வளவுதான். வண்டியைச் சாய்க்க வேண்டி வந்தால் இடது பக்கமாகச் சாய்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பழைய கியரை இரும்புக் கடையில் போடாதீர்கள். கியர் வாங்கப் போகும்போது அதையும் கையோடு கொண்டுபோங்கள். பின்னால் எத்தனை சக்கரம், பெரிய சக்கரத்தில் எத்தனை பல், லிவரில் என்ன பெயர் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைப் பார்க்காமலே கியர் எடுத்துக் கொடுக்கிற கடையில் வாங்காதீர்கள்.