மூன்றாவது கம்பி

திருப்பூர் அருள்புரம் பக்கம் சாயப்பட்டறை வைத்திருக்கும் நண்பர், "எங்க இன்ஸ்ட்ருமென்ட்காரர் வேலை செய்யறத ஒருதடவை வந்து பாருங்க" என்று வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போன அன்று துணிக்குச் சாயம் போடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் ஒன்று மட்டும் சண்டித்தனம் செய்துகொண்டிருந்தது. அதே சாயம், அதே உப்பு, அதே சோடா. மற்ற மெஷின்களில் சரியாக வரும் ஷேடு இதில் மட்டும் வெளிறி வருகிறது. பேனலோ 60 டிகிரி என்று அடித்துச் சொல்கிறது.

வந்த இன்ஸ்ட்ருமென்ட்காரர் தாராபுரத்துப் பக்கத்துக்காரர், ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்தவர். பேனலை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று ஒட்டினார். 0.2 ஓம் காட்டியது. "முதல்ல மீட்டரோட பொய்யக் கழிக்கோணுங்க" என்றார்.

பிறகு மெஷினில் வெப்பம் அளக்கும் சென்சாரின் தலையைத் திறந்து, கேபிளைக் கழற்றினார். உள்ளே பிடி-100. பிளாட்டினக் கம்பி; 0 டிகிரியில் 100 ஓம், அதற்குமேல் டிகிரிக்கு ஏறக்குறைய 0.385 ஓம் கூடும். இரண்டு சிவப்பு ஒயர், ஒரு வெள்ளை. சிவப்புக்கும் வெள்ளைக்கும் வைத்து, 0.2-ஐக் கழித்தால் 121.7. அப்படியென்றால் தண்ணீர் 56 டிகிரிதான். ஒயர்களைத் திரும்ப மாட்டிவிட்டு, பேனலைத் திறந்து, அங்கே கேபிளைக் கழற்றி அளந்து, அதே 0.2-ஐக் கழித்தார்: 123.2. இடையில் ஒன்றரை ஓம் எங்கிருந்து முளைத்தது?

பேனலுக்குள் கேபிள் வந்து சேரும் இடத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மூன்று ஒயர் வரவேண்டிய இடத்துக்கு யாரோ இரண்டு கோர் கேபிளை இழுத்து, மூன்றாவது டெர்மினலுக்குப் பக்கத்து டெர்மினலிலிருந்தே துண்டு ஒயரால் பாலம் போட்டிருந்தார்கள். மூன்றாவது ஒயர் இருந்தால், பேனலிலுள்ள கன்ட்ரோலர் கேபிளின் சொந்த ஓமை அளந்து கழித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் முப்பது மீட்டர் கேபிளின் போக வர ஓமையும் வெப்பம் என்றே நம்பி, ஸ்டீமை முன்கூட்டியே நிறுத்திவிடும். நான்கு டிகிரி குறைந்தால் சாயம் துணியில் சரியாகப் பிடிக்காது.

என்னைக் கொதிக்க வைத்தது வேறு. இந்தக் கோளாறுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை சென்சார் மாற்றியாகிவிட்டதாம். சப்ளை செய்தவர் ஆளை அனுப்புவார், அந்த ஆள் "சென்சார் போயிருச்சுங்க" என்பார், புதிது வரும், பில் வரும். கழற்றிய பழைய சென்சார் ஸ்டோரில் கிடந்தது. இவர் அதை ஃபிளாஸ்க்கில் நொறுக்கிய ஐஸ் போட்டு, தண்ணீர் விட்டுச் செருகினார். சரியாக 100 ஓம். ஒரு குறையும் இல்லாத சென்சார்!

ஷேடு தப்பிய துணியைத் திரும்பச் சாயம் போட்டால் மறுபடி உப்புத் தண்ணீர். 2011-ல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது. அத்தனையையும் சுத்திகரித்து, மிச்ச உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்க வேண்டும். அந்தச் செலவு பட்டறைக்காரர் தலையில். பொருள் விற்றவருக்கு லாபம். கோளாறைக் கண்டுபிடித்தவருக்கோ வந்துபோன கூலி மட்டும். பொருள் எதுவும் விற்காததால் பில்லில் போட அவருக்கு வேறொன்றும் இல்லை.

பட்டறைக்காரர்களே, இனி யாராவது சென்சார் போய்விட்டது என்று சொன்னால், புதிதுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் "எத்தனை ஓம் காட்டுது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்குக் கூலியைக் கூட்டிக் கொடுங்கள்.