கல்வியின் மறைவிலை

ஒன்றைத் தெரிவதனாற் கைவிடப்படும் மற்றொன்றின் பெறுமதியைப் பொருளியலாளர் அமையச் செலவு என்பர். உயர்கல்வியின் செலவைக் கணிப்போர் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் கூட்டிப் பார்ப்பதோடு அமைந்துவிடுவர். படிக்கும் ஆண்டுகளில் உழைத்திருந்தாற் கிடைத்திருக்கக்கூடிய ஊதியம் அக்கணக்கில் ஏறுவதில்லை. ஏழைக் குடும்பத்தை வருத்துவது ஏறாத அத்தொகையே. இதற்குச் சான்று தேட வட்டுக்கோட்டைக்கு அப்பாற் செல்லவேண்டியதில்லை.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கு செமினறியை நிறுவினர். டானியேல் பூர் அதன் முதல் அதிபர். தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் அங்கு கற்பிக்கப்பட்டன. தொடக்க காலத்தில் மாணவர்க்கு உணவும் உடையுங்கூட மிஷனே வழங்கிற்று. ஆகவே அக்கல்வி செலவற்றது எனலாமோ? யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டத்தை அறிந்தவர் அங்ஙனம் கூறார். துலாவில் ஏறி மிதிக்க ஒருவர் வேண்டும். கிணற்றடியில் நின்று இறைக்க ஒருவர் வேண்டும். பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றிவிட இன்னொருவர் வேண்டும். இம்மூன்றாம் வேலைக்கு வீட்டுச் சிறுவனே போதும். அவன் ஏட்டோடு போய்விட்டாற் கூலியாள் தேடவேண்டும். அன்றேல் தமையனின் பகல் நீளும். மிஷன் அளித்த சோறு வீட்டில் ஒரு வாயைக் குறைத்தது மெய்யே. இரு கைகளையும் அது குறைத்தது.

எனினும் தந்தையர் பிள்ளைகளை அனுப்பினர். ஆங்கிலம் கற்றவனுக்கு அரசாங்க உத்தியோகம் கிட்டும் என்பதை அவர்கள் கண்டிருந்தனர். பிற்காலத்திற் கட்டணம் அறவிடப்பட்டபோதும் மாணவர் வரவு நிற்கவில்லை.

விந்தை யாதெனில், மிஷனும் தன் பங்கிற்கு இதே கணக்கைப் போட்டது. சமயப் பணியாளரை ஆக்கவேண்டிய பணம் எழுதுவினைஞரை ஆக்குகின்றதே, அதனைக் கிராமத்துத் தமிழ்ப் பாடசாலைகளுக்குச் செலவிட்டாலென்ன என்பது தலைமைப்பீடத்தின் ஐயம். அதன் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855இல் நேரில் வந்து ஆராய்ந்தார். அவ்வாண்டே செமினறி மூடப்பட்டது. குடும்பங்கள் வரவென எழுதியதைத் தலைமைப்பீடம் செலவென எழுதிற்று. இரண்டுமே பிழையான கணக்கல்ல.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக 1857இல் தேறிய கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அச்செமினறியிற் பயின்றவர்களே. பின்னவர் வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். இத்தகைய வரவை எந்தத் தந்தையும் எந்தப் பொருளாளரும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. ஆயினும் படித்தவர் பெயர்களே வரலாற்றில் நின்றன. தம்பி படிப்பதற்காகத் தோட்டத்தில் நின்ற தமையன்மாரை எவரும் பதிந்துவைக்கவில்லை.

1872இல் அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபின் கட்டணச் சுமையும் நீங்கிற்று. ஆண்டுகளின் விலை மட்டும் நீங்கவில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிய மாணவன் பல்கலைக்கழக வாயிலை அடையுமுன் காத்திருக்கும் மாதங்களை எந்த அலுவலகமும் செலவாகப் பதிவதில்லை. அம்மாதங்களில் வீட்டுச் செலவை ஈடுசெய்ய எவரோ ஒருவர் விடியுமுன் தோட்டத்திற்கோ கடைக்கோ புறப்படுகிறார்.